சிவப்புக் குமிழைக் கைக்குப் பழக்குவது எப்படி

கீபோர்டில் ஜி, ஹெச், பி மூன்று எழுத்துகளுக்கும் நடுவே ஒரு சிவப்புக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும் லேப்டாப் உங்களுக்கு வாய்த்திருந்தால், முதல் ஒரு மணி நேரத்திலேயே அதை வெறுத்துவிட வாய்ப்பு அதிகம். கர்சர் நினைத்த இடத்தைத் தாண்டி ஓடும், விரல் நுனி வலிக்கும். "இதை யார் உபயோகிக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு டச்பேடுக்குப் போய்விடுவீர்கள். உபயோகிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. குமிழ் இல்லாத லேப்டாப்பை யாராவது கொடுத்தால், இன்றைக்கும் என் ஆள்காட்டி விரல் வெறும் ஹெச் சாவியைத்தான் தடவிக்கொண்டிருக்கும்.

என் வேலை நாள் முழுக்க எழுத்துத் திருத்துவது. வரியின் நடுவில் கர்சரை வைக்க வேண்டும், இரண்டு சொல்லை அழிக்க வேண்டும், நாலு சொல் அடிக்க வேண்டும், அடுத்த பத்திக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை கீபோர்டை விட்டு எழுந்து போய்த் திரும்பினால் வேலை அறுந்து அறுந்துதான் நடக்கும். ஐபிஎம்மில் டெட் செல்க்கர் என்ற ஆராய்ச்சியாளர் இந்தக் குமிழை உருவாக்கியதற்கும் காரணம் இதுதான். கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போக ஏறக்குறைய முக்கால் விநாடி, திரும்பி வர அதே அளவு நேரம். அந்தப் பயணமே இல்லாமல் செய்ய அவர் கண்ட வழி 1992இல் திங்க்பேட் 700சி லேப்டாப்பில் டிராக்பாயிண்ட் என்ற பெயரில் வந்தது. நாள் முழுக்க படம் வரைபவருக்கோ, அதிகம் டைப் செய்யாதவருக்கோ இதில் பெரிய லாபம் இல்லை. அவர்கள் மவுஸிலேயே இருக்கலாம்.

சரி, விரலுக்கு வருவோம். குமிழ் நகரும் என்று எதிர்பார்த்துத் தள்ளுவதால்தான் வலி வருகிறது. அது கிட்டத்தட்ட அசையவே அசையாது. அடியில் இருக்கும் உணரிகள் நீங்கள் எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்பதை மட்டும் அளக்கின்றன. கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரிதான்: அழுத்தம் கூடினால் வேகம் கூடும், தூரம் உங்கள் கண்ணின் பொறுப்பு. எனவே ஜே சாவியில் இருக்கும் ஆள்காட்டி விரலை அப்படியே சாய்த்து, நகம் படாமல் சதைப்பகுதி குமிழின் மேல் படும்படி வையுங்கள். மணிக்கட்டை எடுக்கவே வேண்டாம். கர்சர் இலக்கை நெருங்கும்போது விரலை வெடுக்கென்று தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். புதியவர்கள் கர்சரை நிறுத்துவதற்காக எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். அப்போதுதான் அது இலக்கின் இருபுறமும் ஆடிக்கொண்டிருக்கும்.

லேசாக அழுத்தினால் ஒரு மெதுவான, சீரான வேகம் கிடைக்கும். அழுத்தம் கொஞ்சம் ஏறக்குறைய இருந்தாலும் அந்த வேகம் அதிகம் மாறாது. சின்னப் பட்டன், ஒற்றை எழுத்து போன்றவற்றைப் பிடிப்பதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு எதையாவது திறந்து வைத்து, ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்துப் பாருங்கள். இந்த மெதுவான வேகம் விரலுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதி செட்டிங்ஸில் இருக்கிறது. கர்சர் கட்டுக்கு அடங்கவில்லை என்று பலர் சென்சிட்டிவிட்டியைக் குறைப்பார்கள். நான் சொல்வது நேர் எதிர். சென்சிட்டிவிட்டியைக் கூட்டுங்கள், விரல் லேசாகப் பட்டாலே போதும் என்கிற அளவுக்கு. அதற்கப்புறமும் கர்சர் பறந்தால் பாயிண்டர் வேகத்தைக் குறையுங்கள். இரண்டும் வேறு வேறு சங்கதிகள்: முதலாவது விரலின் உழைப்பு, இரண்டாவது திரையில் ஓடும் வேகம். விண்டோஸில் மவுஸ் செட்டிங்ஸ் பக்கத்திலோ, லேப்டாப் நிறுவனத்தின் டிரைவரோடு வரும் தனிப் பக்கத்திலோ இவை இருக்கும். லினக்ஸில் அதன் மையப் பகுதியான கர்னலே சென்சிட்டிவிட்டிக்கு ஓர் எண் வைத்திருக்கிறது, 0 முதல் 255 வரை. வழக்கமாக 128இல் நிற்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள்.

குமிழைத் தட்டினால் கிளிக் ஆகும் வசதி இருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். வேகமாக டைப் செய்யும்போது விரல் குமிழில் பட்டு கர்சர் எங்கோ குதிக்கும். புது மாடல்களில் இரட்டைத் தட்டலுக்கு ஒரு மெனு திறக்கும், அதற்கும் என்னிடம் இதே மரியாதைதான். அப்புறம் டச்பேடு. உள்ளங்கை பட்டுத் தொல்லை தந்தால் அதையும் அணைக்கலாம். திங்க்பேடில் கணினி தொடங்கும்போது எஃப்1 அழுத்தினால் வரும் அமைப்பில், கீபோர்டு, மவுஸ் பிரிவில் குமிழுக்கும் டச்பேடுக்கும் தனித்தனி சுவிட்சுகள் உண்டு. பழகும் காலத்தில் டச்பேடை அணைத்து வைப்பது நல்லது. இருந்தால் கை அங்கேதான் போகும்.

இப்போது நடுப் பட்டன். என்னைக் கேட்டால் குமிழைவிட இதுதான் முக்கியம். ஸ்பேஸ்பாருக்குக் கீழே இருக்கும் மூன்று பட்டன்களில் நடுவில் உள்ளதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு குமிழை மேலும் கீழும் அழுத்தினால் பக்கம் ஸ்க்ரோல் ஆகும். நீளமான ஃபைலில் விரலை மறுபடி மறுபடி தேய்க்க வேண்டியதில்லை. ஓர் அழுத்தம் போதும், வேண்டிய வேகத்தில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும், தளர்த்தினால் நின்றுவிடும். கட்டைவிரல் அங்கேயே இருப்பதால் இடது, வலது கிளிக்குகளும் கண் பார்க்காமல் நடக்கும்.

இது என் தனிப்பட்ட பித்து மட்டும் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2005இல் ஐபிஎம்மின் பிசி தொழில், திங்க்பேடும் சேர்த்து, லெனோவாவுக்குப் போனது. 2013இல் வந்த டி440, எக்ஸ்240 மாடல்களில் குமிழ் அப்படியே இருந்தது, ஆனால் அதன் மூன்று பட்டன்களை எடுத்துவிட்டார்கள். டச்பேடின் மேல்விளிம்பே பட்டன் என்றார்கள். அழுத்தினால் மொத்தப் பலகையும் அமுங்கும், எது இடது, எது நடு என்று கட்டைவிரலுக்குத் தெரியாது. பழைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். 2015இல் டி450, எக்ஸ்250 மாடல்களில் பட்டன்கள் திரும்பி வந்தன. எனவே லேப்டாப் வாங்கும்போது சிவப்பு நிறத்தைப் பார்த்து மயங்காமல் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். மூன்று பட்டன்களின் விளிம்பும் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும்.

பழகிய பிறகு ஒரு நாள் கர்சர் தானாக ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். பயப்படாதீர்கள், கெட்டுப்போகவில்லை. கர்சரை ஒரே திசையில் ரொம்ப நேரம் ஒரே அழுத்தத்தில் பிடித்திருந்தால், அந்த அழுத்தத்தையே குமிழ் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். விரலை எடுத்ததும் எதிர்த்திசையில் ஓடும். அதைத் துரத்திப் பிடிக்கப் போனால் ஓட்டம் நீளும். கையை எடுத்துவிட்டுச் சில விநாடிகள் சும்மா இருங்கள், தானே சரியாகிவிடும்.

குமிழின் மேல் இருக்கும் ரப்பர் கேப் தேய்கிற பொருள். சொரசொரப்பு போய் வழவழப்பானதும் விரல் வழுக்கும், வழுக்கியதும் நாம் அறியாமலே பலமாக அழுத்துவோம், வலி திரும்பி வரும். இரண்டு விரலால் பிடித்து நேராக மேலே இழுத்தால் கழன்று வந்துவிடும். உள்ளே ஒரு சின்னச் சதுரத் தண்டு தெரியும். அதைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் தூசியை ஊதிவிட்டு, புதுக் கேப்பின் சதுரத் துளையைத் தண்டோடு பொருத்தி அழுத்துங்கள். கேப்பில் சொரசொரப்பான மேடு, மெத்தென்ற மேடு, நடுவில் குழிந்து விளிம்பு உயர்ந்தது என்று வகைகள் உண்டு. எனக்குக் குழிந்ததுதான், விரல் நுனி தானாக உட்கார்ந்துகொள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மெல்லிய லேப்டாப்களுக்கு உயரம் குறைந்த கேப். பழையதன் உயரமான கேப்பை அதில் மாட்டி மூடினால் திரையில் தடம் விழலாம்.

எல்லாம் பழகிவிட்டது, அடுத்த லேப்டாப்பில் குமிழே இல்லை என்றால்? அதுவும் நடக்கிறது. 2025இல் வந்த திங்க்பேட் எக்ஸ்9 வரிசையில் டிராக்பாயிண்ட் கிடையாது. புலம்புவதற்கு முன்னால், உங்கள் கை எதைத் தேடுகிறது என்று பிரித்துப் பாருங்கள். 2012இல் திங்க்பேடின் டி, எக்ஸ் மாடல்களில், சாவிகள் ஏழு வரிசையாக இருந்த கீபோர்டு ஆறு வரிசையானபோதும் பெரிய கூச்சல் எழுந்தது. 2017இல் திங்க்பேடின் 25ஆம் ஆண்டுச் சிறப்பு மாடலில் மட்டும் ஏழு வரிசையைத் திரும்பக் கொடுத்தார்கள். எனக்கு அந்த மாற்றம் சீக்கிரமே மறந்துபோனது, டெலீட் சாவி எங்கிருந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடுகிறது. மூன்று பட்டன்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. கொஞ்ச நாள் குமிழ் இல்லாமல் வேலை செய்து, கை எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். கர்சரைச் சொல் சொல்லாக நகர்த்துவதுதான் குறை என்றால், கண்ட்ரோலோடு அம்புச் சாவி சேர்த்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஸ்க்ரோலும் கிளிக்கும்தான் உறுத்துகிறது என்றால் குமிழும் மூன்று பட்டன்களும் உள்ள தனிக் கீபோர்டு கிடைக்கிறது. டிராக்பாயிண்ட் கீபோர்டு 2 என்பது ப்ளூடூத்திலும் வேலை செய்யும், தனி வயர்லெஸ் டாங்கிளிலும் வேலை செய்யும். லேப்டாப்பைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, இதை மேஜையில் முன்னால் போட்டுக்கொண்டால் கழுத்துக்கும் வசதி.