ட்ரோலாக் சாலையின் செம்மண்ணோடு ஒரு ஜப்பானிய டாங்கி: சிறுமாதிரி செய்து வண்ணம் தீட்டும் முறை

போர்க்கால டாங்கி ஒன்றின் சிறுமாதிரியைச் செய்ய உட்காருமுன், அது எந்த நாளில் எந்தச் சாலையில் நின்ற டாங்கி என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். என்ன வண்ணம், எவ்வளவு சேறு, எங்கே துரு, எங்கே கீறல் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அந்த முடிவிலிருந்தே கிடைக்கும். அதை எடுக்காமல் தொடங்கிய மாதிரிகள், எவ்வளவு நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தாலும், எந்த மண்ணையும் மிதிக்காதவை போலவே அலமாரியில் நிற்கின்றன. பினாங்கில் நான் பார்த்தவரை, இந்தக் கலையில் ஈடுபட்டிருப்போர் பெரும்பாலும் ஐரோப்பியப் போர்முனையின் ஜெர்மானிய டாங்கிகளையே செய்கிறார்கள். நம் தோட்டப்புறங்களின் பால்மரக்காடுகளுக்கு நடுவே ஓடிய டாங்கியைச் செய்பவர்கள் குறைவு என்பதால், இந்த வழிகாட்டிக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நாள், 1942 ஜனவரி 7. இடம், பேராக் மாநிலத்தில் சுங்கைக்கும் ஸ்லிம் ரிவருக்கும் இடையே உள்ள ட்ரோலாக். அன்று விடியுமுன் ஜப்பானிய ஆறாவது டாங்கிப் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, மேஜர் ஷிமாடாவின் தலைமையில், பெருஞ்சாலை வழியாகவே நேராகப் பாய்ந்தது. சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்டு ரப்பர் தோட்டங்களுக்குள் வளைந்து கிடந்த பழைய சாலைத் துண்டுகளும் அந்த டாங்கிகளுக்கு உதவின. எதிரே முதலில் நின்றது ஐதராபாத், பஞ்சாப் படையணிகளையும் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையணியையும் கொண்ட, பிரிட்டிஷ் தரப்பின் பன்னிரண்டாவது இந்தியப் பிரிகேட். அவர்களிடம் டாங்கி ஒன்றுகூட இல்லை. காலைக்குள் ஜப்பானியர் ஸ்லிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்துவிட்டார்கள். நான்கு நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது. நாம் செய்யப்போவது அந்தக் காலையில் ஓடிய டைப் 97 சி-ஹா நடுத்தர டாங்கி.

மாதிரியின் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கும்போது ஒரு பிழை எளிதில் நேர்ந்துவிடும். சி-ஹாவில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் குட்டையான 57 மி.மீ. பீரங்கியும், பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கோபுரத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பிபோல் ஓடும் வளைய ஆண்டெனாவும் இருக்கும். நீண்ட 47 மி.மீ. பீரங்கியும் பெரிய கோபுரமும் கொண்ட இரண்டாம் வகை, 1942-இல் சற்றுப் பின்னால், பிலிப்பீன்ஸ் போரில்தான் முதலில் இறங்கியது. ஆகவே மலாயாவுக்கு வேண்டியது 57 மி.மீ. வகை மட்டுமே. டமியா நிறுவனத்தின் 1/35 அளவுப் பெட்டி பழையது, பாகங்கள் குறைவு, பொருத்தம் நன்று. முதல்முறை செய்பவருக்கு நான் அதையே சொல்வேன். ஃபைன் மோல்ட்ஸ் பெட்டியில் நுணுக்கம் அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். உண்மை டாங்கி ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளம், 15 டன் எடை. 1/35 அளவில் அது 16 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவாக, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத்தக்கதாக வரும்.

பாகங்கள் தாங்கிய பிளாஸ்டிக் சட்டகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலரவிடுங்கள். அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசிய எண்ணெய் பாகங்களில் தங்கியிருந்தால் பின்னால் வண்ணம் உரிந்துவரும். பாகத்தைச் சட்டகத்திலிருந்து விடுவிக்கும்போது கட்டரைப் பாகத்தை ஒட்டி வைத்து ஒரே வெட்டாக வெட்டாமல், சற்றுத் தள்ளி ஒருமுறையும், மிச்சத்தை இன்னொரு முறையும் வெட்டினால் பிளாஸ்டிக் வெளுக்காது, பிய்யாது. ஒட்டுவதற்கு நீர்போல் ஓடும் மெல்லிய பசை போதும்: இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டால், பசை தானாகவே இடுக்குக்குள் ஓடிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். விரல் அந்த இணைப்பின்மேல் இருக்கக் கூடாது. இருந்தால் பசை விரலுக்கடியிலும் ஓடி, உங்கள் ரேகை டாங்கியின் கவசத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இந்த டாங்கியில் மிகுந்த கவனம் கேட்பவை ரிவெட் எனப்படும் தறையாணிகள். அக்காலத்து ஜப்பானியக் கவசத் தகடுகளில் பெரும்பகுதி தறையாணிகளால் இணைக்கப்பட்டிருந்ததால், உடல் முழுதும் ஊசிமுனை அளவு ஆணித்தலைகள் வரிசையாக நிற்கும். மற்ற டாங்கிகளில் செய்வதுபோல் இணைப்புக் கோட்டின்மேல் உப்புத்தாளைப் பரவலாகத் தேய்த்தால் நான்கைந்து ஆணித்தலைகள் மறைந்துபோகும், வரிசையில் விழுந்த அந்த ஓட்டை வண்ணம் பூசிய பிறகுதான் கண்ணை உறுத்தும். ஆகவே கத்தியின் முதுகுப்பக்கத்தால் கோட்டை மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். தப்பித்தவறி ஓர் ஆணித்தலை போய்விட்டால், பல்குத்தும் குச்சியின் நுனியில் வெள்ளைப் பசையைத் தொட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து உலரவிட்டால், குவிந்த சிறு தலையாக அது இறுகிவிடும். வளைய ஆண்டெனாவைக் கடைசியில் பொருத்துவது நல்லது. கோபுரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முதலில் ஒடிவது அதுதான்.

சங்கிலிப் பட்டையைப் பற்றி இரண்டு சொல் போதும். பழைய பெட்டிகளில் வரும் மென்மையான ரப்பர் போன்ற பட்டையைச் சாதாரணப் பசை பிடிக்காது. மெழுகுவர்த்தியில் சூடாக்கிய திருப்புளியின் நுனியால் முனைகளை உருக்கி இணைக்க வேண்டும். உண்மைச் சங்கிலியோ எடை மிகுந்தது, மேலே உள்ள மூன்று சிறு உருளைகளுக்கு இடையே அது தொய்ந்து கிடக்கும். மாதிரியில் அந்தத் தொய்வு வர, உருளைகளின்மேல் சூப்பர் பசை ஒரு துளி வைத்து, பசை இறுகும்வரை பட்டையைக் குச்சியால் அழுத்திப் பிடியுங்கள்.

இனி வண்ணம். இங்கே நம் ஊர்க் காற்றைக் கணக்கில் கொள்ளாமல் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. ஜார்ஜ் டவுனில் கடலுக்கு அருகே குடியிருக்கும் நான், சில ஆண்டுகளுக்கு முன் மழை கட்டிக்கொண்டு வந்த ஒரு மாலைப் பொழுதில், முடித்த டாங்கி ஒன்றின்மேல் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் தெளித்தேன். பத்து நிமிடத்தில் பச்சையும் பழுப்பும் எல்லாம் பனி படர்ந்த கண்ணாடிபோல் வெளுத்துப்போயின. ஆறு வார உழைப்பு கண்ணெதிரே மங்கியதைப் பார்த்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காரணம் எளிது: கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக்காற்றின் நீர் அந்தப் படலத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. காற்று உலர்ந்த இன்னொரு நாளில், மெதுவாக உலரும் பளபளப்பு வார்னிஷை நீர்க்கத் தெளித்தபோது பெரும்பகுதி மீண்டது. அன்றிலிருந்து அறையில் ஈரமானி ஒன்று வைத்திருக்கிறேன். அது 75 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மேட் வார்னிஷைத் தொடுவதில்லை. விடிகாலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அப்போது தெளிக்கத் தொடங்காதீர்கள், காற்றில் ஈரம் மிகுந்த வேளை அதுவே. மழை இல்லாத நாளின் நண்பகலோ, குளிரூட்டி ஒரு மணி நேரம் ஓடி நின்ற அறையோ ஏற்றது. காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் கம்ப்ரஸரின் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் வேலை செய்யவே கூடாது. அடுக்குமாடி வீடுகளில் சன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் அணிந்தே கரைப்பான்களைக் கையாளுங்கள்.

ஆயினும் இந்த டாங்கிக்கு ஏர்பிரஷ் கட்டாயமில்லை. அக்கால ஜப்பானிய டாங்கிகளில் மண்நிறமான காக்கி, சேற்றுப் பழுப்பு, பச்சை ஆகிய மூன்றும் திட்டுத்திட்டாக, விளிம்புகள் தெளிவாக வெட்டி நிற்கும்படி பூசப்பட்டன. அவற்றின்மேல் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வளைந்தோடும் மஞ்சள் பட்டை தீட்டப்பட்டது. மஞ்சள் பட்டை இல்லாத முறை அதற்குப் பிறகு வந்தது. மலாயாவுக்கு வேண்டியது மஞ்சளோடு கூடிய பழைய முறை. விளிம்பு கரைந்து மங்காத வண்ணமாகையால் நல்ல தூரிகையே இதற்குப் போதுமான கருவி.

சாம்பல் நிற அடிப்பூச்சு முழுதாக உலர்ந்த பின், காக்கியை உடல் முழுதும் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். நம் வெப்பத்தில் அக்ரிலிக் வண்ணம் தூரிகையிலேயே காயத் தொடங்கும் என்பதால், உலர்வைத் தாமதிக்கும் திரவத்தை ஒரு துளி சேர்த்துக்கொள்வது நல்லது. பாதி காய்ந்த இடத்தில் மீண்டும் தூரிகையை இழுத்தால் கீழ்ப்பூச்சும் சேர்ந்து உரியும். ஒரு தடவை இழுத்த இடத்தை அது முழுதாகக் காயும்வரை விட்டுவிடுங்கள். பழுப்புத் திட்டுகளையும் பச்சைத் திட்டுகளையும் பென்சிலால் மெல்லக் கோடிட்டுக்கொண்டு நிரப்பலாம். இவ்வளவு சிறிய உருவில் அசல் வண்ணம் கண்ணுக்கு இருண்டு தோன்றும். ஒவ்வொன்றிலும் சிறிதளவு வெளிர் மணல் நிறத்தைக் கலந்தால் சரியாக இருக்கும்.

மஞ்சள் பட்டைதான் மாதிரியை வாழவைப்பதும் கெடுப்பதும். மஞ்சள் பிறவியிலேயே மூடும் வலிமை குறைந்த வண்ணம். பச்சையின்மேல் அதை நேராகத் தீட்டினால் எத்தனை பூச்சு கொடுத்தாலும் அழுக்கு மஞ்சளாகவே நிற்கும். பட்டை ஓட வேண்டிய வழி முழுதும் முதலில் வெளிர் மணல் நிறத்தால் ஒரு கோடு இழுத்து, அது உலர்ந்தபின் மஞ்சளை அதன்மேல் கொடுங்கள். என் கண்ணுக்கு, பட்டை 3 மி.மீ. அகலத்தைத் தாண்டினால் பொம்மைத்தனம் வந்துவிடுகிறது. இழுக்கும்போது மணிக்கட்டை மேசையில் ஊன்றி, டாங்கியை மறு கையால் மெல்லத் திருப்பிக்கொடுத்தால் கோடு நடுங்காது. மஞ்சளில் துளி காக்கி சேர்ப்பதையும் நான் விடுவதில்லை, ஒரு மாத வெயில் மழையில் அடிபட்ட மஞ்சள் அது.

அடுத்துப் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படங்கள். மேட் பரப்பில் நேராக ஒட்டினால் படத்தின் அடியில் காற்று தங்கி வெள்ளி மினுக்கம் தெரியும். பெட்டியில் தந்துள்ள எல்லாப் படங்களும் மலாயாவுக்கு உரியவை என்று எண்ணிவிடாதீர்கள், குறிப்புத்தாளைப் படித்துத் தேர்ந்தெடுங்கள். பின்னர் கரும்பழுப்பு எனாமலைக் கரைப்பானில் நீர்க்கக் கலந்து, ஒவ்வோர் ஆணித்தலையின் அடியிலும் தகட்டு இடுக்குகளிலும் நுனித் தூரிகையால் தொட்டுவிட வேண்டும். மறுநாள் வரை விட்டு, மிகுந்ததைச் சுத்தத் தூரிகையால் துடையுங்கள்.

துருவில் அடக்கம் வேண்டும். இந்த டாங்கி மலாயாவில் ஓடத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உடலெங்கும் துரு வழியும்படி தீட்டுவது அந்த நாளுக்குப் பொருந்தாது. பின்பக்கம் இரு புறமும் வலைமூடியோடு நிற்கும் புகைக்குழாய்களுக்குத் துருவை நிறையக் கொடுக்கலாம், சூடேறிச் சூடேறி வண்ணம் எரிந்துபோகும் இடம் அது. மற்றபடி வீரர்கள் ஏறி இறங்கும் விளிம்புகளில் சில கீறல்கள் போதும்.

அந்த நாளுக்குச் சேற்றையும் தர வேண்டும். இதற்குக் கடைப்பொடி எதுவும் எனக்கு மனநிறைவு தரவில்லை. ஒருமுறை தெற்கே போகும்போது நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ட்ரோலாக் பக்கம் பழைய சாலையோரத்தில் ஒரு கைப்பிடிச் செம்மண் எடுத்துவந்தேன். அப்படி எடுத்த மண்ணை, இனிச் சமையலுக்கு வேண்டாத வாணலியில் சிறு தீயில் இருபது நிமிடம் வறுங்கள். பூஞ்சையும் பூச்சி முட்டையும் போய்விடும். ஆறிய பின் கண்ணாடிப் புட்டியை உருட்டிப் பொடித்து, மெல்லிய மல் துணியை இரண்டாக மடித்துச் சலிக்க வேண்டும். 1/35 அளவில் 1 மி.மீ. மணல் பரல் 3.5 செ.மீ. கல்லாகத் தெரியும் என்பதை நினைத்துக்கொண்டால், எவ்வளவு சன்னமாகச் சலிக்க வேண்டும் என்பது விளங்கும். நெற்றியில் இடும் குங்குமம்போல் விரலில் ஒட்ட வேண்டும்.

இந்தப் பொடியை மேட் அக்ரிலிக் பசையில் குழைத்து, பழைய தூரிகையால் சக்கரங்களுக்கு நடுவிலும், மட்கார்டுகளின் அடியிலும், சங்கிலிக் கண்ணிகளிலும் அப்புங்கள். குழைத்ததும் மண் கருத்துவிடும். பயப்படாமல், சட்டகத் துண்டு ஒன்றில் முதலில் பூசி உலர்ந்த நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ஈரச் சேறு கருஞ்சிவப்பாக, அதற்கு மேல் பாதி உலர்ந்தது, விளிம்பில் வெளிறியது என மூன்று நிறம் வேண்டும். ஈரச் சேற்றுக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷைப் புள்ளிபுள்ளியாகத் தொடலாம். மழைக்காலத்துத் தார்ச்சாலையில் ஓடிய டாங்கியாகையால் கோபுரத்தின்மேல் தூசியை அள்ளிப் பூசுவது தவறு. சேறு கீழ்ப்பாதியிலேயே நிற்க வேண்டும். மட்கார்டில் காய்ந்த ரப்பர் இலை ஓரிரண்டை ஒட்ட விரும்பினால், ஒரு காம்பில் மூன்று சிற்றிலையாக, உண்மை அளவை 35-ஆல் வகுத்து மெல்லிய தாளில் வெட்டி ஒட்டுங்கள்.

சேறு காய இரண்டு முழு நாள் விடுங்கள். பிறகு ஈரமானியைப் பார்த்து மேல்பாதிக்கு மட்டும் மேட் வார்னிஷ் கொடுத்து, வளைய ஆண்டெனாவைப் பொருத்தி, கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் வையுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து, மாதத்துக்கு ஒருமுறை அவற்றைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைத்தால், நம் ஊர்ப் பூஞ்சை அந்தச் செம்மண்ணின்மேல் வெள்ளையாகப் படராது.