'ரன்' என்றால் ஓடுவது மட்டுமா? பொருளைப் பிடிக்க ஒரு வழி

ஆங்கிலத்தில் 'ரன்' மூன்றே எழுத்து. அந்த வினைச்சொல்லின் பொருள்களைப் பிரித்து எழுத, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வந்தவை 645 பொருள்கள்! 1989 பதிப்பில் முதலிடம் பிடித்திருந்த 'செட்'டுக்கே 430தான். மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். நம்மிடம் 'ஓடு' இருக்கிறது. அதைக் கொண்டே பாதியைப் பிடித்துவிடலாம்.

படி 1: ஓடுவது எது?
மனிதர், விலங்கு என்றால் கால் ஓட்டம். கடிகாரம், மோட்டார், திரைப்படம் எல்லாம் தமிழிலும் ஓடத்தான் செய்கின்றன. மூக்கு என்றால் ஒழுகுகிறது. துவைத்த துணியின் நிறம் என்றால் சாயம் போகிறது. தேர்தலில்தான் வேடிக்கை: அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் 'ஓடுகிறார்', தமிழில் 'நிற்கிறார்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் நிற்கத்தான் செய்கிறார்.

படி 2: 'ஐ' உருபு பொருந்துகிறதா?
எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. தமிழில் ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்பதில் 'பள்ளியை' என்று உருபு சேர்த்துப் பாருங்கள். பொருந்துகிறது அல்லவா? அப்படியானால் ஓட்டு, நடத்து, இயக்கு ஆகியவற்றில் ஒன்று: அவர் பள்ளியை நடத்துகிறார். 'ரன் தி புரோகிராம்' என்றால் நிரலை இயக்கு. உருபு சேரவில்லை என்றால் படி 1-க்கே திரும்புங்கள்.

படி 3: பின்னால் ஒட்டி வரும் சிறுசொல்
'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏற்றிவிடுவது, அல்லது குறித்த நேரத்தைத் தாண்டுவது. இவற்றைப் பிரித்துப் பொருள் தேடாதீர்கள், தனிச்சொல்லாகவே பழகுங்கள்.

படி 4: முன்னால் 'எ' அல்லது 'தி' இருந்தால்
பெரும்பாலும் பெயர்ச்சொல். கிரிக்கெட்டின் ரன் தெரிந்ததே. வங்கிச் செய்தியில் வந்தால், வைப்புப் பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது.

இப்போது நீங்களே முயலுங்கள்: 'தி மேன் ஹூ ரன்ஸ் தி ஷாப் ரேன் இன்டு மீ.' கடையை நடத்துபவர் என்பது உறுதி. என்னைத் தற்செயலாகச் சந்தித்தாரா, வந்து இடித்தாரா? இரண்டுக்கும் இடமுண்டு. அடுத்த வாக்கியத்தையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.