ஸ்டாண்ட்பை ஓடுகிறது, டேட்டா மட்டும் நகரவில்லை

சிங்கப்பூரில் ஜூரோங்கில் பிரைமரி (மூல டேட்டாபேஸ் சர்வர்), தைசெங்கில் ஸ்டாண்ட்பை (அதன் நகல் சர்வர்); இரண்டும் போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ். ஸ்டாண்ட்பையில் எடுத்த ரிப்போர்ட்டில் பழைய கணக்கே வந்தது. பிரைமரியோ 'ஸ்ட்ரீமிங்', அதாவது மாற்றங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, என்றே காட்டியது. நெட்வொர்க், ஃபயர்வால், டிஸ்க் எல்லாம் பார்த்தாயிற்று; நாள்தான் போனது.

அப்புறம்தான் கவனித்தேன்: பிரைமரியின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் WAL பதிவுகள் வந்து சேர்கின்றன, அவற்றை ஸ்டாண்ட்பையில் ஏற்றும் ரீப்ளே மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது. ஸ்டாண்ட்பை லாகில் எர்ரர் இல்லை, ஒரு எச்சரிக்கைதான்: மேக்ஸ் கனெக்ஷன்ஸ் (ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகளின் வரம்பு) பிரைமரியில் 200, இங்கே 100. பிரைமரியில் மட்டும் கூட்டியிருக்கிறார்கள். முதலில் ஸ்டாண்ட்பையில்தான் கூட்ட வேண்டும். 14க்கு முந்தைய பதிப்பென்றால் சர்வரே நின்று காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது ரீப்ளேயை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவைக்கிறது. வரம்பைச் சரிசெய்யாமல் ரீப்ளேயைத் தொடரச் சொல்லி ரெஸ்யூம் கொடுத்தால் சர்வர் நின்றுவிடும், அதைத் தொடாதீர்கள்.

ஸ்டாண்ட்பையிலும் 200 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தேன். தேங்கியதெல்லாம் மளமளவென்று ஏறியது. அப்பாடா!