கடை ஊழியர்களை உட்கார வைப்பது எப்படி?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி அளிப்பது உரிமையாளரின் கடமையாகும். கேரளம் இதை 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால், மூலையில் நான்கு நாற்காலிகளைப் போட்டுவிட்டால் மட்டும் யாரும் உட்காரமாட்டார்கள், ஏனெனில் பல ஜவுளிக்கடைகளில் மேற்பார்வையாளரின் பார்வைக்கு அஞ்சியே அவர்கள் நிற்கிறார்கள். எனவே, முதலில் மேற்பார்வையாளர்களை அழைத்து, வாடிக்கையாளர் இல்லாத வேளையில் உட்காருவது சோம்பல் ஆகாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இருக்கைகளை ஒவ்வொரு விற்பனை மேசைக்கும் பின்னாலேயே வையுங்கள். முதல் வாரத்தில் நீங்களே ஒவ்வொரு தளத்துக்கும் சென்று, ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். சுற்றறிக்கையைவிட இதுவே விரைவில் பலன் தரும் என்பது என் எண்ணம். கண்காணிப்புக் கேமராப் பதிவைக் காட்டி, உட்கார்ந்தவரைக் கண்டிக்கும் வழக்கம் இருந்தால் அதை அன்றே நிறுத்திவிடுங்கள்.