ஏசி ஒழுகுகிறதா? கேஸை நிரப்பும் முன் குழாயைப் பாருங்கள்

ஏசியின் அடியில் தண்ணீர் சொட்டியதும் பல வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "கேஸ் தீர்ந்திருக்கும், நிரப்பச் சொல்லுங்கள்" என்பதுதான். இதைவிடச் செலவு வைக்கும் தவறு வேறில்லை. கேஸ் எரிபொருளைப் போலச் செலவாகித் தீர்வதில்லை. அறையைக் குளிர்விக்க மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் போட்ட பணம் மறுபடியும் காற்றில்தான் போகும். அறை வழக்கம்போல் குளிர்ந்துகொண்டே தண்ணீரும் ஒழுகினால், பெரும்பாலும் கேஸுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏசியிலிருந்து தண்ணீர் வருவது இயல்பு. 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். உள்ளே இருக்கும் குளிர்ந்த காயிலில், அதாவது மெல்லிய தகடுகள் சூழ்ந்த வளைகுழாயில், அந்தக் காற்று பட்டதும் நீராவி துளியாகிச் சொட்டுகிறது. ஒன்றரை டன் ஏசியில் இப்படி மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடச் சேரலாம். அத்தனையும் காயிலின் கீழுள்ள ஆழமில்லாத தட்டில் விழுந்து, ஒல்லியான ஒரு குழாய் வழியே வெளியேற வேண்டும். அந்த வழி அடைபட்டால் தண்ணீருக்குச் சுவரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

குழாய் விஷயத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். பொருத்தும் நாளில் எல்லோரும் கேஸ் ஓடும் காப்பர் பைப்பையே கவனிக்கிறார்கள். தண்ணீர் வெளியேறும் அந்த ஒல்லிக் குழாயை, டிரெய்ன் பைப்பை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது தொடக்கம் முதல் முடிவு வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு தேவை. அழகுக்காக ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தூக்கி வளைத்துவிட்டால் அந்த வளைவில் தண்ணீர் தேங்கி, பாசியும் தூசியும் கலந்து கொழகொழவென்று அடைத்துக்கொள்ளும். குழாயின் முனையைப் பக்கெட் தண்ணீருக்குள் மூழ்க வைப்பதும் தவறு. உள்ளே காற்று சிக்கி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். கழிவுநீர்க் குழாயோடு நேரடியாக இணைத்தாலோ நாற்றம் அறைக்குள் ஏறிவரும். நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை குளவி. சில மாதம் ஓடாமல் கிடக்கும் ஏசியின் குழாய் வாயில் அது மண்கூடு கட்டிவிடும். கோடைக்கு முன் அந்த முனையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடைப்பை நீக்கக் கழிப்பறைக்கான ஆசிட்டை ஊற்றாதீர்கள். காயிலின் அலுமினியத் தகடுகளை அது அரித்துவிடும். மெக்கானிக் வெளிமுனையில் வேக்குவம் வைத்து உறிஞ்சினாலே பெரும்பாலான அடைப்பு வந்துவிடும்.

அடுத்தது ஃபில்டர். தூசி படிந்து காற்றோட்டம் குறைந்தால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனிக்கட்டி பிடிக்கும். ஏசியை நிறுத்தியதும் அது உருகி, தட்டு தாங்காமல் வழியும். கேஸ் குறைந்தாலும் பனி பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது குளிர்ச்சியும் குறைந்திருக்கும். கடலோர வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பனியைக் கண்டதும் ஸ்க்ரூடிரைவரால் குத்த வேண்டாம். காயிலில் ஓட்டை விழுந்தால் செலவு பல மடங்காகும். ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டால் தானே உருகிவிடும்.

காப்பர் பைப்பின் மேலிருக்கும் கறுப்பு உறை கிழிந்திருந்தால் அங்கும் வியர்த்துச் சொட்டும். உறையை மாற்றினால் போதும்.

கதவைத் திறந்து வைத்தபடி 16 டிகிரியில், ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் காற்று வரும் வாயிலேயே துளிகள் அரும்பும். அதைப் பழுது என்று நினைத்துப் பிரித்துப் போடாதீர்கள். இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டுடன் விற்கப்படும் ஏசிகளுக்கு 2020 முதல் 24 டிகிரியே ஏசியைப் போட்டதும் வரும் தொடக்க அளவாக விதிக்கப்பட்டிருக்கிறது. அங்கேயே விட்டு, கதவைச் சாத்திப் பாருங்கள். மழைநாளில் ஈரப்பதத்தைக் குறைக்கும் டிரை மோட் போதும்.

ஒழுகும்போது ஏசியை ஓடவிடாதீர்கள். உள்ளே மின்சாரப் பலகை இருக்கிறது. சர்வீஸ் முடிந்ததும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அரை லிட்டர் தண்ணீரைத் தட்டில் மெதுவாக ஊற்றிக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஊற்றியது தடங்கலின்றி வெளிமுனையில் வந்து விழுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.