வேலூர் வெயிலில் மண்கல் அறுக்க வரும் தொண்டர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரம் வந்து, குழந்தைகள் இல்லத்துக்கு மண்சிமெண்ட் கல்லில் அறை கட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. சூளையில் சுடாமல் இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் இந்தக் கல்லுக்கு 28 நாள் நனைப்பு வேண்டும். அதனால் முதல் குழு கல் அறுக்கட்டும், அடுத்த குழு சுவர் எழுப்பட்டும்.

மேல்மண்ணை ஓரடி ஒதுக்கிவிட்டு அடியில் உள்ள செம்மண்ணை எடுங்கள். ஏரி வண்டலை மட்டும் போட்டால் காயும்போது வெடிக்கும். மணல் கலந்தே ஆக வேண்டும். மண்ணைச் சலித்து, எடையில் 5 சதவீதம் சிமெண்ட் சேருங்கள். 10 கிலோ கல் என்றால் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 100 கல் வரும்.

தண்ணீர்தான் எல்லாரும் தவறுகிற இடம். கலவையை உள்ளங்கையில் உருட்டி இடுப்புயரத்திலிருந்து கீழே போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. அப்பளமாக அமுங்கினால் அதிகம். தண்ணீர் பட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள் அழுத்திவிடுங்கள். இறுகியதை மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அந்தக் கல் விளிம்பில் உதிரும்.

அறுத்த கல்லை உடனே பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மறுநாள் தொட்டு, பூவாளியால் காலையும் மாலையும் நனையுங்கள். கத்திரி வெயிலில் மதியமும் ஒருமுறை. ஒரு நாள் விட்டாலும் மேல்தோல் காய்ந்து, உள்ளே சிமெண்ட் வேலை செய்யாமல் நின்றுவிடும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு யார் நனைப்பது என்று முதல் நாளே கூலி பேசி ஆள் வையுங்கள். இல்லத்துப் பிள்ளைகளிடம் அந்த வேலையை விடக்கூடாது.