மார்க்கெட் படுத்த நேரத்துல பிசினஸ் டிகிரி முடிக்கிறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

சிங்கப்பூர்ல என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யுன்னு எந்த யூனியில பிசினஸ் படிச்சாலும் சரி, ஃபைனல் இயர்ல வந்து நிக்கிறப்ப பாத்து பொருளாதாரம் படுத்துடுச்சுன்னா நம்ம பசங்க பண்ற தப்புல பெருசு ஒண்ணு இருக்கு. கம்பெனி பேரையே பிடிச்சுத் தொங்கிட்டு, அங்க செய்யப்போற வேலை என்னன்னு பாக்காம விட்டுர்றது. பேங்கெல்லாம் இருக்கிற ராஃபிள்ஸ் பிளேஸ்ல ஆபீஸ், கழுத்துல பேங்க் பாஸ், அது இல்லன்னா எதுவுமே வேணாம்னு உக்காந்துடுவாங்க. கல்யாண வீட்டுல மாமா "எந்த பேங்க்குப்பா?"னு கேப்பாரேங்கற பயமும் இதுல பாதி இருக்கு, அது வேற கதை.

அமெரிக்காவோட லீமன் பிரதர்ஸ் பேங்க் 158 வருஷத்துப் பேரு, 2008 செப்டம்பர் 15ஆம் தேதி திவால் மனு போட்டுடுச்சு. 1856ல ஆரம்பிச்ச கிரெடிட் சுவிஸ் பேங்க்க 2023ல இன்னொரு சுவிஸ் பேங்க்கான யுபிஎஸ் வாங்கிடுச்சு. பேரு போச்சு, ஆனா உள்ள உக்காந்து கிரெடிட் ரிஸ்க், அதாவது கடன் வாங்குறவன் திருப்பிக் கட்டுவானான்னு பாத்துட்டு இருந்தவங்களுக்கு அந்த வேலை கையிலதான் இருக்கு, எங்க போனாலும் அதைச் செய்யலாம்.

இதுக்கு நேரெதிர் தப்பும் இருக்கு. பயந்துபோய், ஒரு வருஷம் எதையாவது பண்ணுவோம், மார்க்கெட் திரும்பினதும் ஃபைனான்ஸுக்கு மாறிக்கலாம்னு சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போறது. ஸ்டான்ஃபோர்டுல பால் ஓயர்னு ஒரு எகனாமிஸ்ட் அங்க எம்பிஏ முடிச்சவங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2008ல வெளியிட்டாரு. படிக்கிற காலத்துல ஷேர் மார்க்கெட் விழுந்திருந்தா வால் ஸ்ட்ரீட்ல, அதாவது அமெரிக்காவோட பெரிய ஃபைனான்ஸ் கம்பெனிகள்ல சேர்றவங்க குறைஞ்சாங்க, அது எதிர்பார்த்ததுதான், ஆனா முதல் வேலை அங்க அமையாதவங்கள்ல நிறைய பேரு பின்னாடியும் அந்தப் பக்கம் போகல. முதல் வேலை எந்தத் திசையில இருக்கோ அது ரொம்ப நாளைக்கு ஒட்டிக்குது. அதனால சம்பளத்துல இறங்கி வாங்க, கம்பெனி சைஸ்ல இறங்கி வாங்க, திசைய மட்டும் விட்டுடாதீங்க.

உதாரணத்துக்கு ஃபேக்டரி, கிடங்கு எல்லாம் இருக்கிற உபி, துவாஸ் மாதிரி ஏரியாவுல ஒரு சின்ன லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியோட அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்ட எடுத்துக்கங்க. ஏசி சரியா வேலை செய்யாது, மேசையில பாதி டெலிவரி ஆர்டர் கட்டு. ஆனா உங்க கையில ஏஜிங் லிஸ்ட் இருக்கும், எந்த கஸ்டமர் 30 நாள்ல பணம் கட்டுறான், எவன் 60, எவன் 90 தாண்டி இழுக்கிறான்னு எல்லாம் அதுல தெரியும். எப்பவும் டைமுக்குக் கட்டுற கஸ்டமர் திடீர்னு பாதிப் பணம் மட்டும் அனுப்பிட்டு போன எடுக்கலன்னா அங்க என்னமோ சரியில்லன்னு அர்த்தம், இத நியூஸ்ல வர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்கிற அக்கவுண்ட்ஸ் ஆன்ட்டி சொல்லிடுவாங்க. கிரெடிட் அனாலிசிஸ்னு யூனியில ஸ்லைடு போட்டுக் காட்டுறது இதைத்தான். நாளைக்கு பேங்க் இன்டர்வியூல இதைச் சொல்லிப் பாருங்க, கேக்கிறவரு நிமிந்து உக்காருவாரு.

அடுத்து, படிச்சு முடிச்சவங்களோட வேலை, சம்பளம் பத்தி யூனிகள் எடுக்கிற கிராஜுவேட் சர்வேய தப்பா படிக்கிறது. 2024 பேட்ச்சுக்கு மாசத்துக்கு மீடியன் (வரிசையா வச்சா நடுவுல வர்ற) சம்பளம் 4,500 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) வந்ததும் அதைவிடக் கம்மியா ஆஃபர் வந்தா அவமானம்னு நினைக்கிறாங்க. அது முழுநேர நிரந்தர வேலை கிடைச்சவங்களோட மீடியன், அவங்கள்லயே பாதிப் பேரு அதுக்குக் கீழதான். அதே சர்வேயில அப்படி நிரந்தர வேலை கிடைச்சவங்க 79 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, முந்தின வருஷம் 84.1. நீங்க பாக்க வேண்டிய நம்பர் இதுதான்.

மாஸ்டர்ஸ்ல போய் ஒளிஞ்சுக்கிறது இன்னொண்ணு. என்ன வேலைக்காகப் படிக்கிறோம்னு தெரிஞ்சா படிங்க, சும்மா மழை விடட்டும்னு படிச்சா ஃபீஸ் போனதுதான் மிச்சம்.

டிரெய்னிஷிப்ப, அதாவது அலவன்ஸோட வர்ற பயிற்சி வேலைய கேவலமா நினைக்காதீங்க, அதே நேரம் கண்ண மூடிட்டும் போகாதீங்க. 2020ல அரசாங்கத்தோட எஸ்ஜி யுனைடெட் டிரெய்னிஷிப் வந்துச்சு, 2025ல கிரிட்னு ஒரு டிரெய்னிஷிப் திட்டம் அறிவிச்சாங்க, அதுல 3 முதல் 6 மாசம், அலவன்ஸ் மாசத்துக்கு 1,800ல இருந்து 2,400 வெள்ளி. சேர்றதுக்கு முன்னாடி தினமும் என்ன வேலை குடுப்பீங்க, யாருக்குக் கீழ இருப்பேன்னு நேராவே கேட்டுடுங்க, மழுப்பினாங்கன்னா வேற இடம் பாருங்க.

கடைசியா கடன், இதுல பசங்க காட்டுற அலட்சியம் தாங்க முடியல. கல்வி அமைச்சோட டியூஷன் ஃபீ லோனுக்குப் படிக்கிற வரைக்கும் வட்டி இல்ல, முடிச்சதும் வட்டி ஓட ஆரம்பிச்சிடும், ரெண்டு வருஷத்துக்குள்ள கட்டத் தொடங்கணும். அப்பா அம்மாவோட சிபிஎஃப் (மத்திய சேமநிதி) சேமிப்புல இருந்து எடுத்திருந்தா வட்டி எடுத்த நாள்ல இருந்தே சேருது, படிச்சு முடிச்ச ஒரு வருஷத்துல காசா திருப்பிக் கட்டத் தொடங்கணும், அது அவங்க ரிட்டையர்மென்ட் பணம். இந்த நிலைமையில "ஷேர் எல்லாம் சீப்பா கிடக்கு"னு இன்டர்ன்ஷிப் காசையும் அங்பாவ் (சீனப் புத்தாண்டு அன்பளிப்பு) காசையும் டிரேடிங் ஆப்ல போட்டு விளையாடுறாங்க பாருங்க, அவங்களுக்கு என்னத்த சொல்ல. வெளிநாட்டுல இருந்து வந்து டியூஷன் கிராண்ட் (யூனி ஃபீஸுக்கு அரசாங்கம் தர்ற மானியம்) வாங்கினவங்களுக்கு மூணு வருஷம் இங்க வேலை பாக்கணும்னு பாண்டும் இருக்கு, வேலை கிடைக்க லேட்டாகும்னு தோணினா அமைச்சுக்கு இப்பவே எழுதுங்க, லோன் இருந்தா பேங்க்ல போய் தவணைய பத்தி இப்பவே பேசுங்க, ஒரு தவணை தவறினப்புறம் போய் நிக்காதீங்க.